ஒரே குதிரில் விதைநெல்லா?

உழவன் வீட்டில் உண்ணும் நெல் தீர்ந்துபோகலாம். கடனோ உடனோ வாங்கி அந்த நாளைக் கடத்திவிடுவான். விதைநெல் அழிந்துவிட்டால்? வரும் ஆண்டு அழிந்தது; அதற்கடுத்த ஆண்டும் ஐயத்திற்குரியதாயிற்று! ஆகவேதான், பிள்ளை பசித்து அழும் வேளையிலும் விதைநெல்லில் கைவைக்க அஞ்சுவான் நம் உழவன். அதையும் ஒரே இடத்தில் வைக்கமாட்டான். ஒன்றில் பூச்சி விழுந்தால் மற்றொன்றாவது தப்பட்டும் என்று இரு குதிர்களில் பிரித்து வைப்பான். தன் கூரை தீப்பற்றினால் தம்பி வீட்டிலாவது இருக்கட்டும் என்று ஒரு மூட்டையை அங்கே கொடுத்து வைப்பான்.

ஏட்டுக் கல்வி பெறாத அந்த எளியவனுக்குத் தெரிந்த இந்த உண்மை, ஏடுகளின் நடுவிலேயே வாழும் நம் கல்விக்கூடங்களுக்குத் தெரிந்திருக்கிறதா? இன்று உங்கள் முன் நான் வைக்க விரும்பும் கேள்வி இதுதான்.

"அரசியல் கட்டுரையில் இது எங்கிருந்து வந்தது? விலைவாசி இருக்கிறது, வேலையின்மை இருக்கிறது, மாநில உரிமை இருக்கிறது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஆசிரியர்களின் கணிப்பொறிக் கோப்புகளைப் பற்றியா பேசுவது?" என்று நீங்கள் கேட்கக்கூடும். சற்றே பொறுங்கள். இதுவும் அரசியல்தான். ஒரு மக்களின் அறிவு யார் கையில் இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது, அது அழிந்தால் யார் பதில் சொல்வது என்பதைவிடப் பெரிய அரசியல் வேறென்ன இருக்கிறது?

வத்தலக்குண்டில் ஒரு மாலை

அண்மையில் வத்தலக்குண்டில் ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழா. பேசி முடித்துப் பேருந்து நிலையத்திற்கு வந்தேன். திண்டுக்கல் வண்டிக்கு நேரம் இருந்தது. கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கிய வண்டியிலிருந்து வந்த ஓர் அம்மையார், என் பேச்சை முன்பு எங்கோ கேட்டிருப்பதாகச் சொல்லி வணக்கம் கூறினார். ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிப்பவர். கல்லூரியின் பெயர் வேண்டாம். குறை அந்த ஒரு கல்லூரியோடு நிற்பதன்று.

ஒன்பது ஆண்டுகள் அவர் ஒரு வேலை செய்திருக்கிறார். மஞ்சளாற்றுக் கரை ஊர்களிலும், வெற்றிலைக் கொடிக்கால்களிலும், கீழ்ப்பழனி மலைக் காப்பித் தோட்டங்களிலும் உழைத்து ஓய்ந்த முதியவர்களைத் தேடிச் சென்று, அவர்களுடைய வாழ்க்கையை அவர்கள் குரலிலேயே பதிவு செய்திருக்கிறார். கூலி எவ்வளவு, கங்காணி எப்படி நடத்தினான், காய்ச்சல் வந்தபோது எந்த மருந்து கிடைத்தது, எந்தத் தெருவுக்குள் செருப்போடு நடக்க முடியாமல் இருந்தது என்று எந்த அரசு ஆவணத்திலும் இல்லாத வரலாறு அது! அவ்வளவும் அவருடைய சொந்தப் பணத்தில் வாங்கிய ஒரே ஒரு ஹார்டு டிஸ்கில் இருந்தது. ஐப்பசி மழையில் ஓர் இரவு இடி இறங்கியது. கணிப்பொறி கருகியது, அதனோடு பொருத்தியிருந்த ஹார்டு டிஸ்கும் கருகியது.

"கல்லூரியில் இடம் கேட்கவில்லையா, அம்மா?" என்றேன்.

"கேட்டேன், ஐயா. ஒரு பென்டிரைவ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்."

"மீண்டும் சென்று பதிவு செய்ய முடியாதா?"

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பேசியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை, ஐயா. யாரிடம் போய்க் கேட்பது?"

தோழர்களே! கருகியது கருவியா? அன்று. கருகியது, ஏழை எளியவர் தம் வாழ்நாளில் ஒரே முறை, ஒரே ஒருவரிடம் மனம் திறந்து சொன்ன சாட்சியம். அந்த ஆசிரியைக்கு நேர்ந்த இழப்பு மட்டுமன்று அது. நமக்கு நேர்ந்த இழப்பு.

இந்த ஊரே சொல்லும் பாடம்

இது நடந்தது எந்த ஊரில் என்பதை எண்ணிப் பாருங்கள். வத்தலக்குண்டு, தமிழ் எழுத்துக்கு மூன்று பெரும் பெயர்களைத் தந்த ஊர்.

1872இல் அங்கே பிறந்தவர் ராஜம் ஐயர். தமிழ் நாவல் தவழத் தொடங்கிய காலத்தில் அவர் எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்', 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வெளிவந்தது; 1896இல் நூலாயிற்று. இரண்டே ஆண்டில், 1898இல், 26 வயதில், அவர் மறைந்துவிட்டார். இளைஞர் மறைந்தார்; நாவல் மறையவில்லை. ஏன்? இதழாக ஒரு படி, நூலாக ஒரு படி, பல ஊர்களில் பல அலமாரிகளில் பல படிகளாக அது பரவிவிட்டிருந்தது. எழுதியவர் கையெழுத்துத் தாளில் மட்டும் அது தங்கியிருந்திருந்தால், 26 வயதில் மறைந்த ஒருவரின் பெட்டியை யார் திறந்து பார்த்திருப்பார்கள்?

'மணிக்கொடி'யைச் சிறுகதை ஏடாக நடத்திய பி. எஸ். ராமையா அதே ஊர்க்காரர். அந்த ஏடு நின்று நெடுங்காலத்திற்குப் பிறகும், 'மணிக்கொடி காலம்' என்று அதன் வரலாற்றை அவரே எழுதி வைத்ததால், அந்தக் காலம் நம் கைக்கு எட்டியது. 1959இல் 'எழுத்து' என்னும் ஏட்டைத் தொடங்கி, கைப்பொருள் இழந்தும் கொள்கை இழக்காமல் 1970 வரை நடத்திய சி. சு. செல்லப்பாவும் அந்த மண்ணில் வளர்ந்தவரே. அச்சிட்ட நூல்களைத் தாமே சுமந்து சென்று விற்றவர் அவர். சுமந்த சுமை வீண்போகவில்லை. சென்ற இடமெல்லாம் ஒவ்வொரு படியாக இறக்கி வைத்தார். அவை இன்றும் இருக்கின்றன.

இவர்கள் எவரிடத்திலும் கணிப்பொறி இல்லை. ஆனால் படி இருந்தது. பல இடங்களில் இருந்தது. இன்று அதே ஊர்ப் பேருந்து நிலையத்தில் நிற்கும் ஓர் ஆசிரியையிடம் கணிப்பொறி இருந்தது, படி இல்லை. வளர்ச்சி என்று எதைச் சொல்வது?

படி! படி எடு!

தமிழில் ஒரு சொல்லின் அழகைப் பாருங்கள். 'படி' என்றால் கற்றுக்கொள் என்று பொருள். 'படி' என்றால் நகல் என்றும் பொருள். படிப்பவன் படி எடுக்க வேண்டும் என்பதை மொழியே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது.

ஓலைச்சுவடி நிலையான பொருளன்று. கரையான் தின்னும், ஈரம் தின்னும், காலமும் தின்னும். ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை புதிய ஓலையில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். எழுதியவரை வாழ்ந்தது, எழுதுவது நின்றபோது செத்தது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்ற முடிந்தது எதனால்? ஓர் ஊரில் சிதைந்த ஏட்டுக்கு மற்றோர் ஊரில் சிதையாத ஏடு துணைநின்றது. ஒன்றில் விட்டுப்போன அடி மற்றொன்றில் கிடைத்தது.

வளையாபதிக்கு என்ன நேர்ந்தது? குண்டலகேசிக்கு என்ன நேர்ந்தது? ஐம்பெருங்காப்பியம் என்று பெருமை பேசுகிறோம். அவற்றுள் இரண்டு நம்மிடம் முழுமையாக இல்லை! கிடைத்திருக்கும் சில பாடல்களும், வேறு நூலாசிரியரும் உரையாசிரியரும் தொகுப்பாளரும் எடுத்து எழுதி வைத்ததால் தப்பியவை. அடுத்த வீட்டில் கொடுத்து வைத்த ஒரு பிடி விதைநெல் அது!

இன்னொரு காட்சியையும் காணுங்கள். வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் கொடைக்கானல். அங்கே 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1909இல், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் என்னும் அறிஞர் அங்கேதான் கண்டார். அந்த நிகழ்வு அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. நாள்தோறும் கதிரவனைப் படம் பிடித்து, கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்த்து வைத்தார்கள். இன்று அவற்றைக் கணிப்பொறிப் படங்களாக்கி உலக அறிஞர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது இந்திய வானியற்பியல் நிறுவனம். 1909ஆம் ஆண்டின் கதிரவனை இன்று மீண்டும் படம் பிடிக்க முடியுமா? அன்று காத்து வைத்தவர்களுக்கு, இன்று அது எதற்குப் பயன்படும் என்பது தெரியாது, தெரியாமலேயே காத்தார்கள். அதுதான் அறிவுடைமை!

மலைமேல் கதிரவனின் படத்தைக் காக்க வழி கண்ட நாடு, மலையடிவாரத்தில் கூலிக்காரக் கிழவியின் குரலைக் காக்க வழி காணவில்லை. இதுவன்றோ நம் வழக்கு!

நான்கு பகைகள்

அறிவுச் செல்வத்திற்குப் பகை நான்கு: வெறி, கொள்ளை, பிழை, தீ.

வெறிக்குச் சான்று யாழ்ப்பாணம். 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. தமிழன் நெஞ்சில் ஆறாத அந்தப் புண்ணிலிருந்து பிறந்த பாடத்தைச் சிலர் செயலாக்கினார்கள். 2005 முதல், 'நூலகம்' என்ற பெயரில் தன்னார்வத் தொண்டர்கள் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் கணிப்பொறிப் படிகளாக்கிச் சேர்த்து வருகிறார்கள். இனி ஒரு கட்டடத்தை எரித்தவன், ஓர் இனத்தின் நினைவை எரித்துவிட்டதாக மார்தட்ட முடியாது.

கொள்ளைக்குச் சான்று டெல்லி. 2022 நவம்பர் 23இல் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கணிப்பொறிகளுக்குள் திருடர் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டார்கள். நாட்டின் தலைசிறந்த மருத்துவமனை பல நாட்கள் காகிதத்தையும் பேனாவையும் நம்பி நடந்தது. திருடன் சுவர் ஏறி வரவில்லை. கம்பி வழியே வந்தான்.

பிழைக்குச் சான்று ஜப்பான். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில், படி எடுக்கும் நிரலைத் திருத்தப் போய், அந்த நிரலே ஆய்வாளர்களின் கோப்புகளை அழித்துவிட்டது. 77 டெராபைட், ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. வெறியில்லை, திருட்டில்லை, காவலுக்கு வைத்த நாயே கடித்தது!

தீக்குச் சான்று தென்கொரியா. 2025 செப்டம்பர் 26இல் தேஜான் நகரிலுள்ள அரசுக் கணிப்பொறி மையத்தில் மின்கலத்திலிருந்து தீ எழுந்தது. அரசு ஊழியர் தம் கோப்புகளைச் சேர்த்து வைக்க அமைத்திருந்த பொதுக் களஞ்சியம் அழிந்தது. 858 டெராபைட்! ஏறத்தாழ 1,25,000 அலுவலர்களின் வேலை! வேறிடத்தில் படி உண்டா என்றால், இல்லை. அளவு மிகப் பெரிது, ஆகவே எடுக்கவில்லை என்றார்கள். பெரிய செல்வம், ஆகவே பூட்டுப் போடவில்லை என்பதைப் போன்றதன்றோ இது?

உலகுக்கே கணிப்பொறி உறுப்புகளைச் செய்து கொடுக்கும் நாடு அது. கருவியில் குறைவா? அறிவில் குறைவா? இல்லை. எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்துவிட்டால் எல்லாம் காப்பாற்றப்பட்டுவிடும் என்ற எண்ணத்தில்தான் குறை. இந்த எண்ணம் நமக்குப் புதியதா? ஆட்சியில் இதை நாம் நெடுங்காலமாகக் கண்டுவருகிறோம். அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தால் அந்த ஓரிடம் தவறும்போது நாடே தவறுகிறது. சேமிப்பிலும் அதே நியாயம்தான். குவிப்பது எளிது, குவித்தது சாயும்போது தாங்குவார் இல்லை.

மூன்று, இரண்டு, ஒன்று

அப்படியானால் வழி என்ன? துறையறிந்தோர் சொல்லும் விதி மிக எளியது: மூன்று, இரண்டு, ஒன்று. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறோர் ஊரில் இருக்க வேண்டும். உழவன் தம்பி வீட்டில் வைத்த மூட்டைதான் அந்த வேறோர் ஊர்!

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவித்துவிட வேண்டும். "என் கோப்புகளெல்லாம் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் ஒரே சமயத்தில் தெரிகின்றன, ஆகவே எனக்குக் கவலையில்லை" என்பார் பலர். அது கண்ணாடி, காப்பு அன்று. கண்ணாடி முன் நின்று முகத்தில் கரி பூசினால், கண்ணாடியிலுள்ள முகத்திலும் கரி தெரியும். ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். ஒரு பக்கம் திருடன் பூட்டினால் மறுபக்கமும் பூட்டப்படும். காப்புப் படி என்பது நேற்றிருந்த நிலையை, சென்ற வாரம் இருந்த நிலையை, சென்ற மாதம் இருந்த நிலையைத் தனித்தனியே நிறுத்தி வைப்பது. அதில் ஒன்றேனும் இணையத்தோடு தொடர்பற்றுத் தனித்திருப்பது.

தனித்திருப்பதன் வலிமைக்கு ஒரு கதை உண்டு, உண்மைக் கதை. 2017இல் ஒரு பெரும் கணிப்பொறித் தாக்குதலில், மெர்ஸ்க் என்னும் டென்மார்க் கப்பல் நிறுவனம் உலகெங்கும் வைத்திருந்த பயனர் பதிவேடுகள் அழிந்தன. ஒன்றே ஒன்று தப்பியது. எங்கே? ஆப்பிரிக்காவின் கானா நாட்டில். எப்படி? அந்த வேளையில் அங்கே மின்வெட்டு! இணைப்பு அறுந்து கிடந்ததால் அழிவு அதைத் தீண்டவில்லை. அந்த ஒன்றைக்கொண்டு நிறுவனம் மீண்டெழுந்தது. அதற்காக மின்வெட்டை வாழ்த்தச் சொல்லவில்லை. அங்கே தற்செயலாய் நேர்ந்ததை நாம் திட்டமிட்டுச் செய்வோம் என்கிறேன்.

இன்னும் ஒன்று. படி எடுத்துவிட்டோம் என்பது போதாது. மீட்டெடுத்துப் பார்த்தோமா என்பதே கேள்வி. தீயணைப்புக் குழாய் சுவரில் தொங்குகிறது. தண்ணீர் வருமா என்று தீப்பிடித்த அன்றுதான் திருகிப் பார்ப்பதா?

மறுப்புகளும் மறுமொழியும்

"அவரவர் ஆய்வை அவரவர் காத்துக்கொள்ளட்டுமே" என்பது முதல் மறுப்பு. சம்பளம் நிறைவாகப் பெறும் பேராசிரியர் காத்துக்கொள்வார், ஒத்துக்கொள்கிறேன். கௌரவ விரிவுரையாளர் என்று பெயரிட்டு, கௌரவத்தைப் பெயரிலும் குறைவைச் சம்பளத்திலும் வைத்திருக்கிறோமே, அவர் எங்கே போவார்? குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி கண்டு, முனைவர் பட்டத்திற்கு உழைக்கும் சிற்றூர்ப் பெண் எங்கே போவாள்? வசதியுள்ளவன் அறிவு வாழும், வசதியற்றவன் அறிவு அழியும் என்றால், நாளைய வரலாற்றில் யாருடைய குரல் மிஞ்சும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

"ஆய்வேடுகளைத்தான் 'சோத்கங்கா'வில் சேர்க்கிறார்களே" என்பது இரண்டாவது. உண்மை, நல்ல ஏற்பாடு. பல்கலைக்கழக மானியக் குழு விதியை ஒட்டி ஆய்வேடுகள் அங்கே சேர்கின்றன. ஆனால் ஆய்வேடு என்பது அரைத்த மாவு. நெல் எங்கே? ஒலிப்பதிவு, கள ஏடு, புகைப்படம், ஆய்வகக் குறிப்பு, கணக்கெடுப்புத் தாள் ஆகியவை எங்கே? 2010இல் ஒப்புதல் பெற்ற தேசிய அறிவு வலையமைப்பு, கல்வி நிறுவனங்களுக்கிடையே விரைவான கம்பித் தடத்தைத் தந்தது. தடம் தேவை, மறுக்கவில்லை. ஆனால் சாலை சுமந்து செல்லும், சேர்த்து வைக்காது. சேர்த்து வைக்கக் களஞ்சியம் வேண்டும்.

"பெரிய நிறுவனங்கள் இலவசமாகவே இடம் தருகின்றனவே" என்பது மூன்றாவது. தந்தார்கள். கல்விக்கூடங்களுக்கு அளவில்லாமல் தருகிறோம் என்று சொன்ன கூகுள் நிறுவனம், 2021இல் அதை மாற்றி, ஒரு நிறுவனத்திற்குப் பொதுவாக 100 டெராபைட் என்று அளவு குறித்தது. அவர்கள் பொருள், அவர்கள் அளந்தார்கள். தவறென்று சொல்ல நாம் யார்? இலவசம் என்பது கொடுப்பவன் மனம். உரிமை என்பது பெறுபவன் பலம். 2025 ஜூலையில் என்ன நடந்தது? ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடையைத் தொடர்ந்து, நயாரா என்னும் இந்திய எண்ணெய் நிறுவனத்திற்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவையை நிறுத்தியது. தன் கோப்புகளைத் தானே திறக்க முடியாமல், அந்த நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. பிறகே சேவை திரும்பியது. எண்ணெய் நிறுவனத்திற்கு வழக்குரைஞர் வைக்கப் பணம் உண்டு. வத்தலக்குண்டு ஆசிரியைக்கு?

தனியார் சேவையைத் தொடவே கூடாது என்பதன்று என் வாதம். மூன்று படிகளில் ஒன்று அங்கே இருக்கட்டும். மூன்றும் அங்கேயே இருக்கக்கூடாது என்பதே வாதம்.

"பணம் எங்கே?" என்பது நான்காவது. கணக்குப் போடுவோம். ஓர் ஆசிரியருக்கு 100 ஜிகாபைட் என்று வைத்துக்கொண்டால், 10,000 ஆசிரியர்களுக்கு 1,000 டெராபைட். இன்று கடையில் 20 டெராபைட் கொள்ளும் தட்டுகள் விற்கின்றன. 50 தட்டுகள் போதும். மூன்று படி என்றால் 150. ஒரு பீரோவில் அடங்கும் பொருள்! தட்டு மட்டும் போதாது. ஒன்று பழுதானால் ஈடுசெய்ய மாற்றுத் தட்டுகள், மின்சாரம், குளிரூட்டல், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுப்பறிந்த ஆட்கள் வேண்டும். ஆட்களுக்கான செலவே பெரிது. ஆனால் அதைச் செலவு என்பதா? கணிப்பொறி படித்துவிட்டு வேலை தேடி நிற்கும் நம் இளைஞருக்கு அது வேலை!

பூட்டும் சாவியும்

காத்தல் என்பது அழியாமல் காப்பது மட்டுமன்று; அயலார் கண்ணுக்குப் படாமல் காப்பதும்தான். சாதிக் கொடுமைக்கு ஆளானவரின் வாக்குமூலம், நோயாளியின் விவரம், வீட்டுக்குள் அடிபட்ட பெண்ணின் பேச்சு ஆகியவை ஓர் ஆய்வாளரை நம்பிச் சொல்லப்பட்டவை. வெளிப்பட்டால் சொன்னவர் உயிருக்கே தீங்கு வரலாம். தனிமனிதரின் எண்மத் தரவுகளைக் காக்க 2023இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது; பூட்டில்லாத பென்டிரைவோ தேநீர்க் கடை மேசையில் கிடக்கிறது!

ஆகவே கோப்புகள் மறையெழுத்தாக்கி வைக்கப்பட வேண்டும். வழியில் எவன் பறித்தாலும் படிக்க முடியாத வடிவில் இருக்க வேண்டும். சாவி ஆய்வாளரிடம் இருக்க வேண்டும். அவர் மறைந்தாலோ மறந்தாலோ திறப்பதற்கு, பல்கலைக்கழகக் குழுவொன்றின் பொறுப்பில் மாற்றுச் சாவி இருக்க வேண்டும். இதையும் அழுத்திச் சொல்கிறேன்: களஞ்சியம் அரசினுடையது என்பதற்காக, ஆளுங்கட்சி எதுவாயினும், அமைச்சரோ அதிகாரியோ துணைவேந்தரோ ஆசிரியரின் ஏட்டைப் புரட்டிப் பார்க்க உரிமை இருத்தலாகாது. காவல் என்ற பெயரில் வேவு நுழையுமானால், ஆசிரியர் மீண்டும் பென்டிரைவுக்கே ஓடுவார். ஓடுவதே நியாயமாகவும் இருக்கும்.

நாம் கேட்பது

தோழர்களே! நாம் கேட்பது மூன்று.

ஒன்று: அரசுப் பல்கலைக்கழகங்களிலும், அவற்றைச் சார்ந்த கல்லூரிகளிலும் கற்பிக்கும் ஒவ்வொருவருக்கும், கௌரவ விரிவுரையாளரும் ஆய்வு மாணவரும் உட்பட, பாதுகாப்பான சேமிப்பிடம் உரிமையாக வழங்கப்பட வேண்டும். சலுகையாக அன்று; பணி விதியில் எழுதப்பட்ட உரிமையாக.

இரண்டு: அந்தக் களஞ்சியம் ஒரே ஊரில் அமையக்கூடாது. சென்னையில் எல்காட் நடத்தும் மாநிலத் தரவு மையம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னை மறந்துவிடலாகாது. மதுரையில் ஒரு படி, கோவையில் ஒரு படி என்று பகிர்ந்து வைக்கட்டும். 1976இல் 42ஆம் திருத்தத்தின் வழியே கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு எடுத்துச் சென்ற ஒன்றிய அரசு, அதிகாரத்தில் பங்கு கொண்டதுபோலச் செலவிலும் பங்கு தரட்டும்.

மூன்று: ஆண்டுக்கொரு முறையேனும், எடுத்த படியிலிருந்து கோப்புகளை மீட்டுக் காட்டி, அதன் முடிவை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். கணக்குத் தணிக்கை உண்டென்றால், காப்புத் தணிக்கையும் வேண்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் ஊர்க் கல்லூரிக்குச் செல்லுங்கள். சண்டைக்கு அன்று, பணிவோடு. நான்கு கேள்விகள் கேளுங்கள்: ஆசிரியர்களுக்குச் சேமிப்பிடம் உண்டா? அதன் படி வேறோர் ஊரில் உண்டா? கடைசியாக மீட்டுப் பார்த்தது எப்போது? சாவி யாரிடம்? பதில் வந்தால் பாராட்டுங்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனத்தைத் தீர்மானமாக எழுதி மேலே அனுப்புங்கள்.

பிறருக்குச் சொல்லும் முன் நம் வீட்டையும் பார்ப்போம். நம் கிளைகளின் பழைய தீர்மான ஏடுகள் எங்கே? படிப்பகத்தில் கட்டி வைத்த பழைய நாளேடுகள் எங்கே? சிறை சென்றவர் எழுதிய கடிதங்கள் எங்கே? எங்கோ ஒரு தொண்டர், மனைவியின் முணுமுணுப்பையும் பொருட்படுத்தாமல் பரண்மேல் கட்டி வைத்ததால்தான் நம் வரலாற்றில் பாதி கிடைத்தது. அந்தப் பரணும் ஒரே குதிர்தான், தோழர்களே! அதற்கும் ஒரு படி எடுங்கள். பக்கத்து ஊர்க் கிளையில் ஒன்றைக் கொடுத்து வையுங்கள்.

அன்று மாலை வண்டி வரும்வரை அந்த ஆசிரியை பேசிக்கொண்டிருந்தார். மீண்டும் தொடங்கியிருக்கிறாராம். எஞ்சிய முதியவர்களைத் தேடி விடுமுறை தோறும் மலையேறுகிறார். அன்றும் அங்கிருந்துதான் இறங்கி வந்திருந்தார். இம்முறை மூன்று படி எடுக்கிறாராம். ஒன்று தன்னிடம், ஒன்று தங்கையிடம் மதுரையில், ஒன்று தோழியிடம் கோவையில். எல்லாம் கைக்காசு. அரசு செய்ய வேண்டியதை ஒரு பெண், தன் பையில் சுமந்து செய்துகொண்டிருக்கிறார்.

அவர் பையில் உள்ளது நம் விதைநெல். அதை அவர் தோளிலிருந்து இறக்கி, நாடறிந்த களஞ்சியத்தில் வைக்கும் கடமை நம்முடையது. அவர் சந்திக்க வேண்டிய முதியவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. காலம் தாழ்த்த நமக்கு உரிமை இல்லை.